இட்லிக்கும் ஜெல்லுக்கும் இடையே 113 கிலோமீட்டர்

கடலில் 1.9 கி.மீ. நீச்சல், சாலையில் 90 கி.மீ. சைக்கிள், கடைசியாக 21.1 கி.மீ. ஓட்டம். மூன்றையும் எட்டரை மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். 2019 அக்டோபர் 20-இல் கோவாவில் முதன்முதலாக நடந்த ‘அயர்ன்மேன் 70.3’ டிரையத்லானின் கணக்கு இது. இந்தத் தூரத்துக்கு முதல்முறையாகப் பெயர் கொடுத்திருக்கும் பெரம்பலூர், அரியலூர் மாவட்ட வாசகர்களிடமிருந்து கேள்விகள் குவிந்திருக்கின்றன. எப்படி நீந்துவது, எப்படி ஓடுவது என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லாமே சாப்பாடுதான். கவலைப்பட வேண்டிய இடத்தில்தான் கவலைப்பட்டிருக்கிறார்கள்.

கே: காலையில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் போதாதா? எங்கள் தாத்தா நீராகாரம் மட்டும் குடித்துவிட்டு நாள் முழுக்க ஏர் ஓட்டினார்.
— விவசாயி மகன், குன்னம்

ப: பத்து மணிக்குத் தாத்தா வரப்பில் உட்கார்ந்து கூழ் குடித்ததையும், உச்சியில் பாட்டி தூக்குவாளியோடு வந்ததையும் கதையில் விட்டுவிட்டீர்களே! உடம்பு சேர்த்துவைக்கும் மாவுச்சத்து, அதாவது கிளைகோஜன், தசைகளில் 400 கிராம், ஈரலில் 100 கிராம் அளவுக்குத்தான் இருக்கும். மொத்தம் 2,000 கலோரி. 113 கிலோமீட்டருக்கு அதைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் செலவாகும். மிச்சத்துக்குக் கொழுப்பு இருக்கிறது, ஆனால் அது நிதானமாகத்தான் எரியும். உங்கள் அவசரம் அதற்குத் தெரியாது. ஆகவே போகிற வழியிலேயே உள்ளே தள்ளிக்கொண்டே போக வேண்டும்.

கே: எவ்வளவு தள்ளுவது?
— வங்கி ஊழியர், பெரம்பலூர்

ப: மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. குடலில் குளுக்கோஸ் நுழைய ஒரு வாசல், ஃபிரக்டோஸ் நுழைய வேறொரு வாசல். குளுக்கோஸ் வாசலில் மணிக்கு 60 கிராமுக்கு மேல் போனால் நெரிசல். இரண்டு வாசலையும் பயன்படுத்தினால் 90 கிராம் வரை போகலாம். அது பழகியவர்களுக்கு.

முதல் போட்டிக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: சைக்கிளில் மூன்றரை மணி நேரம், மணிக்கு 60 கிராம் என்றால் 210. ஓட்டத்தில் இரண்டரை மணி நேரம், மணிக்கு 40 என்றால் 100. ஆக மொத்தம் 310 கிராம். வங்கியில் இருக்கிறீர்கள், வரவு செலவு புரியும். சைக்கிளில் செலுத்தாத தொகையை ஓட்டத்தில் எடுக்க முடியாது. ஓடும்போது வயிறு குலுங்கும், எதுவும் இறங்காது. எனவே பெரும்பகுதியைச் சைக்கிள் மேலேயே முடித்துவிடுங்கள்.

கே: ஜெல் பாக்கெட் ஒன்று நூறு ரூபாய் அளவில் விற்கிறது. அப்படி என்னதான் இருக்கிறது உள்ளே?
— மக்காச்சோள விவசாயி, வேப்பந்தட்டை

ப: நீங்கள்தான் இருக்கிறீர்கள்! பெரும்பாலான ஜெல்களில் முதல் சரக்கு மால்ட்டோடெக்ஸ்ட்ரின். அது பெரும்பாலும் மக்காச்சோள மாவை உடைத்துச் செய்வது. உங்கள் ஊர்ச் சோளம் கோழித் தீவனமாக லாரி ஏறுகிறது; அதே சாதிச் சோளம் பளபளப்பான பாக்கெட்டில் திரும்பி வந்தால் பெயர் ‘எனர்ஜி’. ஒரு பாக்கெட்டில் 20 முதல் 25 கிராம் மாவுச்சத்து. மால்ட்டோடெக்ஸ்ட்ரினுக்கு இனிப்பு குறைவு, அதனால் நிறையச் சாப்பிட்டாலும் திகட்டாது, சட்டைப்பையில் அடங்கும். கொடுக்கிற காசு அதற்குத்தான். ஒரு எச்சரிக்கை: ஜெல்லுக்குத் துணை வெறும் தண்ணீர். சர்க்கரைப் பானத்தோடு சேர்த்தால் வயிற்றுக்குள் பாகு காய்ச்சுகிறீர்கள் என்று அர்த்தம்.

கே: ஜெல் வாங்க வசதியில்லை. நம்ம ஊர்ச் சரக்கிலேயே சமாளிக்க முடியுமா?
— கல்லூரி மாணவர், அரியலூர்

ப: தாராளமாக. தேர் வடம் பிடித்தவர்களுக்குப் பானகம் கொடுத்த ஊர் இது. வெல்லம், எலுமிச்சை, சுக்கு, ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. குறை ஒன்றுதான்: பாட்டி கைக்கணக்கில் போட்டார், நீங்கள் தராசில் போட வேண்டும். ஒரு லிட்டருக்கு வெல்லமோ சர்க்கரையோ 60 கிராம், உப்பு 2 கிராம். சோடியம் கணக்கில் அது கிட்டத்தட்ட 800 மில்லிகிராம். 6 முதல் 8 சதவீதக் கரைசல்தான் குடலுக்குத் தோது. அதற்கு மேல் கெட்டியானால் வயிற்றிலேயே தேங்கும். சர்க்கரையில் பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ் என்பதால் இரண்டு வாசலும் தானாகவே திறக்கும். வெல்லத்தை இரண்டு தடவை வடிகட்டுங்கள். பாட்டில் மூடியில் மண் அடைத்துக்கொண்டால் சைக்கிளை நிறுத்திவிட்டு ஊத வேண்டியிருக்கும்.

கூடவே பூவன் பழம், பேரீச்சம்பழம். பேரீச்சை சின்னதாக இருந்தால் ஒன்றுக்கு 5, 6 கிராம் மாவுச்சத்து. கொட்டையை முந்தின நாளே எடுத்துவிடுங்கள்.

கே: இளநீரை விடச் சிறந்த பானம் உலகத்தில் உண்டா?
— ஜெயங்கொண்டம்

ப: வெயிலில் நின்று குடிக்க இல்லை. வெயிலில் ஓடிக்கொண்டே குடிக்க உண்டு. வேர்வையில் பெரும்பாலும் போவது சோடியம். இளநீரில் பெரும்பாலும் இருப்பது பொட்டாசியம். சர்க்கரையும் 4, 5 சதவீதம்தான். உப்புப் போட்டுக் குடித்தால் பாதிக் குறை தீரும். இளநீரில் உப்பா என்று முகம் சுளிக்காதீர்கள். போட்டி நாளில் நாக்குக்கு ஓட்டுரிமை இல்லை.

கே: எனக்கு எவ்வளவு தண்ணீர் தேவை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
— சிமென்ட் ஆலை ஊழியர், அரியலூர்

ப: எடை பார்க்கும் மெஷின் போதும். பெரம்பலூர்–அரியலூர் சாலை ஏறத்தாழ 30 கி.மீ. போய், வந்து, மறுபடி போனால் உங்கள் 90 கி.மீ. ஆயிற்று. சுண்ணாம்புக்கல் லாரிகள் எழுவதற்கு முன்பே கிளம்பிவிடுங்கள்.

சோதனைக்கு அவ்வளவு தூரம் வேண்டாம், இரண்டு மணி நேரம் ஓட்டினால் போதும். கிளம்பும் முன் எடை 62 கிலோ, வந்தபின் துடைத்துக்கொண்டு நின்றால் 60.5. வழியில் குடித்தது ஒரு லிட்டர். ஆக, போனது இரண்டரை லிட்டர், மணிக்கு ஒன்றேகால். அதில் முழுவதையும் திருப்பி ஊற்ற வேண்டியதில்லை, வயிறும் வாங்காது. பெரும்பாலானவர்களுக்கு மணிக்கு 500 முதல் 800 மி.லி. வரைதான் சுகமாக இறங்கும். உடல் எடையில் 2 சதவீதம் குறைந்தால் பயமில்லை. இந்தச் சோதனையைச் சித்திரையில் ஒரு தடவை, கார்த்திகையில் ஒரு தடவை செய்யுங்கள், இரண்டும் வேறு வேறு ஆளின் கணக்கு போல இருக்கும். பனியன் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுகிறதா? நீங்கள் உப்பை அதிகம் இழக்கிற சாதி. வேர்வையின் சோடியம் ஆளுக்கு ஆள் லிட்டருக்கு 200-லிருந்து 2,000 மில்லிகிராம் வரை மாறும், பக்கத்து வீட்டுக்காரர் அளவு உங்களுக்குச் சரிவராது.

கே: எதற்கு இவ்வளவு கணக்கு? தண்ணீரை நிறையக் குடித்தால் நல்லதுதானே?
— உடற்கல்வி ஆசிரியர், ஆலத்தூர்

ப: ஆபத்து. வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப் போகும். முதலில் தலைவலி, குமட்டல், விரல் வீக்கம். முற்றினால் மூளை வீங்கி உயிருக்கே ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைப் பார்த்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. மெதுவாக ஓடி, வழியெல்லாம் குடித்து, கிளம்பியதை விட எடை கூடி வந்தவர்கள்தான் அதிகம் மாட்டினார்கள். முதல்முறை ஓடுகிறவர்கள் அந்த வகையில் சேர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். போட்டி முடிந்து எடை கூடியிருந்தால் பெருமை வேண்டாம், மருத்துவக் கூடாரத்துக்குப் போங்கள்.

கே: மெடிக்கலில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொடியைப் பாட்டிலில் போட்டுக்கொள்ளலாமா?
— மருந்தக ஊழியர், செந்துறை

ப: உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் லிட்டருக்கு 1,700 மில்லிகிராமுக்கு மேல் சோடியம், 13.5 கிராம் குளுக்கோஸ். வயிற்றுப்போக்குக்கு வகுத்த கணக்கு அது. உப்பு தாராளம், சக்தி கஞ்சத்தனம்: மணிக்கு 60 கிராம் தேவைப்படுகிறவருக்குக் கால்வாசிகூடத் தேறாது. உப்புக்காக அதை வைத்துக்கொண்டு, சக்திக்குத் தனியாகச் சாப்பிடுங்கள். ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்டு விற்ற இனிப்புப் பானங்களுக்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் தடை போட்டது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாமல் வாங்க வருகிறவர்களுக்கும் சொல்லிவையுங்கள்.

கே: போட்டிக்கு முந்தின நாள் சின்ன வெங்காயச் சாம்பார் சாப்பிட்டே தீருவேன். எங்கள் தோட்டத்து வெங்காயம்.
— செட்டிகுளம்

ப: உங்கள் ஊர் வெங்காயத்தைக் குறை சொல்லிவிட்டு நான் பெரம்பலூர் பக்கம் வர முடியாது. ஆனால் வெங்காயத்தில் ஃபிரக்டான் என்ற சர்க்கரை உண்டு. அதை நம் குடல் செரிக்காது, குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் செரிக்கும். அவை விடும் வாயு உங்களுக்கு. பருப்புக்கும் இதே வேலை உண்டு. மற்ற நாளில் குடலுக்கு நல்லது, போட்டி நாளில் கழிவறை வரிசையில் நிற்க வைக்கும். ஒன்றரை நாள் மட்டும் வெங்காயமும் பருப்பும் வேண்டாம். தோட்டம் எங்கேயும் ஓடிவிடாது.

கே: முந்தின ராத்திரி பரோட்டா?
— பேருந்து நிலையம் அருகில், பெரம்பலூர்

ப: மைதா பரவாயில்லை. எண்ணெயும் சால்னாவும்தான் வழக்கைத் தோற்கடிக்கின்றன.

கே: ‘கார்ப் லோடிங்’ என்கிறார்களே, அதாவது?
— ஆசிரியை, உடையார்பாளையம்

ப: போட்டிக்கு முந்தைய ஒன்றரை, இரண்டு நாளில் கிளைகோஜன் கிடங்கை நிரப்புவது. உடல் எடை கிலோ ஒன்றுக்கு நாளைக்கு 8 முதல் 10 கிராம் மாவுச்சத்து. 60 கிலோ ஆளுக்குக் குறைந்தது 500 கிராமை ஒட்டி. 100 கிராம் சோற்றில் 28 கிராம்தான் மாவுச்சத்து என்பதால், சோறு மட்டுமே என்றால் கிட்டத்தட்ட இரண்டு கிலோ சோறு! யாராலும் முடியாது. ஆகவே சோறு, இட்லி, இடியாப்பம், வாழைப்பழம், பழச்சாறு என்று பிரித்து, ஆறு வேளையாக. காய், கீரை, கொழுப்பு குறைவாக. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரையும் பிடித்துவைப்பதால் எடை ஒன்றிரண்டு கிலோ கூடும். கண்ணாடி முன் நின்று வருத்தப்பட வேண்டாம்.

கே: போட்டி காலை ஏழு மணிக்கு என்றால் எப்போது, என்ன சாப்பிடுவது?
— காவலர், அரியலூர்

ப: நாலு மணிக்கு எழுந்து சாப்பிடுங்கள். உங்கள் வேலைக்கு அது புதிதில்லை. கிலோவுக்கு 2 கிராம் மாவுச்சத்து என்றால் 60 கிலோவுக்கு 120. ஒரு சராசரி இட்லி 10 கிராம் அளவு. ஆறு இட்லி, சர்க்கரை தொட்டுக்கொள்ள; இரண்டு வாழைப்பழம்; இனிப்பான காபி. தேங்காய்ச் சட்னியைத் தொட்டுப் பாருங்கள், குளிப்பாட்டாதீர்கள். வெளியூர் ஓட்டலில் அந்த நேரத்துக்கு இட்லி கிடைக்காது. முந்தின நாளே ஏற்பாடு செய்யுங்கள், அல்லது பிரெட்டும் ஜாமும் பையில் இருக்கட்டும்.

கே: காபி நல்லதா?
— டீக்கடைக்காரர், திருமானூர்

ப: தொழில் விரோதமாக உங்களிடம் பேசுகிறேன்: நல்லது. கிலோவுக்கு 3 மில்லிகிராம் காஃபின் அளவில் களைப்பு தெரிவது குறையும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. தினம் குடிக்கிறவர் அன்றைக்கும் குடிக்கலாம். பழக்கமில்லாதவர் அன்று ஆரம்பித்தால், களைப்போடு வயிற்றையும் சேர்த்து இறக்கிவிடும்.

கே: அரியலூரில் ஒரு காலத்தில் கடல் இருந்ததாமே? நீச்சல் பயிற்சிக்கு வசதியாக இருந்திருக்கும்!
— தொல்லுயிர் ஆர்வலர், கல்லங்குறிச்சி

ப: ஏறத்தாழ ஆறரைக் கோடி வருஷம் பிந்திவிட்டீர்கள். உங்கள் காலடியில் சிப்பிகள் மட்டும் பாக்கி. கைவிட்ட சுண்ணாம்புக்கல் பள்ளங்களில் தேங்கிய நீரைக் கடலாக நினைத்து இறங்காதீர்கள். செங்குத்தான கரை, ஆழம் தெரியாது. நீச்சல் குளமும் பயிற்சியாளரும்தான் வழி.

உணவுக் கணக்கில் நீச்சலுக்குப் பெரிய வேலை இல்லை. இறங்குவதற்குக் கால் மணி நேரம் முன்பு ஒரு ஜெல்லோ அரை டம்ளர் பானகமோ போதும். கடல்நீரை விழுங்கினால் குமட்டும். கரையேறி சைக்கிளில் ஏறிய முதல் பத்துப் பதினைந்து நிமிடம் வெறும் தண்ணீரால் வயிற்றைச் சமாதானப்படுத்திவிட்டு, பிறகு சாப்பிடத் தொடங்குங்கள்.

கே: எங்கள் பகுதி முந்திரியில் சத்து அதிகம். வழியில் சாப்பிட எடுத்துப் போகலாமா?
— ஆண்டிமடம்

ப: சத்து அதிகம் என்பதுதான் சிக்கல். முந்திரியில் பாதிக்கு நெருக்கமாகக் கொழுப்பு. வயிற்றை விட்டு இறங்கவே நேரமெடுக்கும். நீங்கள் முடித்துப் பதக்கம் வாங்கிய பிறகுதான் அது வேலை தொடங்கும். கடலை மிட்டாய்க்கும் இதே தீர்ப்பு. பயிற்சி முடிந்த மாலையில் கையளவு சாப்பிடுங்கள்.

கே: எங்கம்மா கூடவே வருகிறார். 60-ஆவது கிலோமீட்டரில் தயிர்சாதப் பொட்டலத்தோடு நிற்பதாகத் திட்டம்.
— மென்பொருள் ஊழியர், பாடாலூர்

ப: அம்மாவைக் கூட்டிப் போங்கள், பொட்டலத்தை விட்டுவிட்டு. போட்டி ஏற்பாடு செய்த உணவு நிலையங்களைத் தவிர வெளியாள் யாரும் எதுவும் கொடுக்கக்கூடாது என்பது விதி. மீறினால் தகுதிநீக்கம் வரை போகும். காலி பாக்கெட்டைக் கண்ட இடத்தில் எறிந்தாலும் தண்டனை உண்டு. அம்மா கை தட்டலாம், திட்டலாம். இரண்டும் விதிக்கு உட்பட்டவை.

கே: இந்தப் போட்டியைக் கண்டுபிடித்தவர்கள் என்ன சாப்பிட்டார்கள்?
— வரலாற்று மாணவி, கங்கைகொண்ட சோழபுரம்

ப: கேட்காமல் இருந்திருக்கலாம். முதல் அயர்ன்மேன் 1978 பிப்ரவரி 18-இல் ஹவாயின் ஒவாஹு தீவில் நடந்தது. இதைப்போல இரு மடங்கு தூரம். 15 பேர் கிளம்பி 12 பேர் முடித்தார்கள். முதலில் வந்த கார்டன் ஹாலருக்கு 11 மணி 46 நிமிடம் 58 விநாடி. அவரோடு முட்டி மோதிய ஜான் டன்பாரின் உதவிக் குழுவிடம் தண்ணீர் தீர்ந்துபோய், ஓட்டத்தில் பீர் கொடுத்தார்கள். இரண்டாம் இடம். திட்டம் தீர்ந்தால் கையில் கிடைத்ததுதான் உணவு என்பதற்கு அன்றே ஆதாரம் வந்துவிட்டது.

கே: நீண்ட பயிற்சியில் இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு எது சாப்பிட்டாலும் குமட்டுகிறது. என் வயிறே அப்படியா?
— செவிலியர், பெரம்பலூர்

ப: உங்கள் வயிறு நேர்மையானது. கடுமையாக ஓட்டும்போது ரத்தம் கால்களுக்கும் தோலுக்கும் போய்விடுகிறது. வெயில் ஏற ஏற வயிற்றின் பங்கு இன்னும் குறையும். மருந்து இரண்டு. உடனடிக்கு: வேகத்தைக் குறையுங்கள், தலையில் தண்ணீர் ஊற்றுங்கள், கெட்டியானதை நிறுத்திச் சிறு சிறு மிடறாகக் குடியுங்கள். அதுவும் முடியாவிட்டால் இனிப்புப் பானத்தை வாயில் கொப்பளித்துத் துப்புங்கள். சர்க்கரை வாயில் பட்டாலே மூளை கொஞ்சம் தெம்படைகிறது என்று சைக்கிள் ஓட்டுபவர்களிடம் நடந்த சோதனைகள் காட்டியிருக்கின்றன.

நிரந்தரத்துக்கு: குடலுக்கும் பயிற்சி கொடுங்கள். ஞாயிறுதோறும் நீண்ட பயிற்சியில் மணிக்கு 30 கிராமில் தொடங்கி வாரத்துக்கு 10 கிராம் கூட்டுங்கள். போட்டிக்கு இரண்டு மாதம் முன்பே தொடங்கினால் குடல் பழகிவிடும். அங்கே உண்ணப்போகும் அதே சரக்கு, அதே இடைவெளி. போட்டி நாளில் எதுவுமே முதல்முறையாக இருக்கக்கூடாது, போட்டியைத் தவிர.

கே: கால் வலித்தால் வழியில் ஒரு வலி மாத்திரை போட்டுக்கொள்ளலாமா?
— டைல்ஸ் கடைக்காரர், ஜெயங்கொண்டம்

ப: கூடாது. ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வகையறா சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைப்பவை. நீர் வற்றிய உடம்பில் அது இரட்டை அடி. வலித்தால் நடங்கள். நடப்பதற்கு விதியில் தடையில்லை.

கே: எடை குறைந்தால் வேகம் கூடும் என்று பயிற்சி நாட்களில் சாப்பாட்டைக் குறைத்திருக்கிறேன். சரிதானே?
— கல்லூரி மாணவி, பெரம்பலூர்

ப: தவறு. உழைப்புக்கு ஏற்ற தீனி இல்லாவிட்டால் மாதவிடாய் தவறும், எலும்பு வலுவிழக்கும், அடிக்கடி சளி பிடிக்கும். 2014-இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியே இதற்கென்று தனி அறிக்கை வெளியிட்டது. ஆண்களுக்கும் இது பொருந்தும். மாதவிடாய் தவறியிருந்தால் முதல் சந்திப்பு மருத்துவரோடு, பயிற்சியாளரோடு அல்ல.

கே: எனக்குச் சர்க்கரை நோய். இந்தக் கணக்கெல்லாம் எனக்கும் உண்டா?
— வணிகர், செந்துறை

ப: பத்திரிகை பார்த்து முடிவு செய்கிற விஷயமில்லை இது. இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் நீண்ட நேரம் உழைத்தால் சர்க்கரை திடீரென இறங்கலாம். உங்கள் மருத்துவரோடு உட்கார்ந்து தனித் திட்டம் போடுங்கள். உங்களைப் போன்றவர்கள் உலகெங்கும் இந்தப் போட்டியை முடித்திருக்கிறார்கள், எல்லாரும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டுதான்.

கே: முடித்தவுடன் முதலில் என்ன சாப்பிடுவது?
— பலர்

ப: உப்புப் போட்ட மோர், வாழைப்பழம், பிறகு 20, 25 கிராம் புரதம் கிடைக்கிற மாதிரி முட்டையோ பாலோ கோழியோ. ஒரு மணி நேரம் கழித்து முழுச் சாப்பாடு, வெங்காயச் சாம்பாரோடு. மாதக் கணக்கில் கிராம் கிராமாக எண்ணிச் சாப்பிட்டவர் நீங்கள். அன்று ‘போதும்’ என்ற வார்த்தையைப் பரிமாறுகிறவர்களே முதலில் சொல்லட்டும்.